உறைபனி ஏட்டிலிருந்து பனியாற்றுக்கு: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மூணாறு, தேவிகுளம், வட்டவடைப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பனி புதிதல்ல. தை மாத விடியலில் புல்வெளி வெள்ளை பூத்துக் கிடப்பதையும், வெயில் ஏறிய பிறகு தேயிலைக் கொழுந்து கருகி நிற்பதையும், 'பனி எரித்துவிட்டது' என்று கங்காணி சொல்லிக்கொண்டே நிரையை விட்டு நகர்வதையும் பார்த்தபடிதான் அவர்கள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். இவர்களில் ஒருவரோ இருவரோ ஆண்டுதோறும் என்னைத் தேடி வந்து, இமயமலையின் பனியாறுகள் மாறிவரும் காலநிலையில் என்ன ஆகின்றன என்பதைப் படிக்க விரும்புவதாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய முதல் கேள்வி, மலையேற்றப் பயிற்சிக்கு எங்கே சேர வேண்டும் என்பதாகவே இருக்கிறது. அதைக் கடைசியில் கேட்டால் போதும். இந்தத் துறையின் பெரும்பகுதி கணக்கெழுதும் வேலை. எவ்வளவு பனி வரவாயிற்று, எவ்வளவு செலவாயிற்று, செலவுக்குக் காரணமான வெப்பம் எங்கிருந்து வந்தது என்பதை ஆண்டுக்கணக்கில் விடாமல் எழுதி வைப்பவர்களே இதில் நிலைக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை லயத்து வாசலிலேயே தொடங்கலாம் என்பதால், கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே அமைத்திருக்கிறேன்.

முதல் படி: சொற்களைப் பிரித்துக்கொள்ளுதல்

தமிழில் 'பனி' என்ற ஒரே சொல் புல்நுனித் துளியையும், காலை மூட்டத்தையும், உறைந்த படிவத்தையும், வானத்திலிருந்து விழும் வெள்ளைத் துகளையும் குறிக்கிறது. பேச்சுக்கு இது போதும், அளவைக்குப் போதாது. ஜனவரியில் 'மூணாறில் பனிப்பொழிவு' என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் இங்கே எதுவும் பொழிவதில்லை. வெண்பனி மேகத்துக்குள் படிகமாகி விழுவது. அதற்கு மேகம் வேண்டும். உறைபனியோ தரையையும் இலையையும் தொட்ட நீராவி அங்கேயே உறைந்து படிவது. அதற்கு மேகமே இல்லாத, காற்றசையாத இரவு வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட எதிரெதிரான வானிலையில் பிறக்கின்றன.

அடுத்த குழப்பம் 'பனிப்பாறை'. கடலில் மிதக்கும் கட்டியையும் மலையில் தவழும் பனியாற்றையும் நாளிதழ்கள் இந்த ஒரே சொல்லால் எழுதுகின்றன. மிதக்கும் கட்டி உருகினால் கடல்மட்டம் ஏறக்குறைய மாறாது. நிலத்தின் மேல் கிடக்கும் பனி உருகிக் கடலை அடைந்தால் மட்டம் உயரும். தம்ளரில் ஐஸ் கட்டியை மிதக்கவிட்டு நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்துவைத்தால் அரை மணி நேரத்தில் இது புரியும். இந்தக் கட்டுரையில் நிலத்தின் மேல் தன் எடையாலேயே மெல்ல நகரும் பனித்திரளைப் பனியாறு என்றே எழுதுகிறேன்.

மூன்றாவதாக அடர்த்தி. புதிதாக விழுந்த வெண்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரைதான் இருக்கும். ஒரு கோடையைத் தாண்டிப் பிழைத்து இறுகிய பனி, அதாவது ஃபிர்ன், 400 கிலோவுக்கு மேல் போகும். காற்றுக்குழாய்கள் மூடிப்போய்ப் பனிக்கட்டியாக மாறும்போது 830 கிலோவைத் தாண்டி, குமிழிகளே இல்லாவிட்டால் 917 வரை எட்டும். ஆகவே 'இரண்டு மீட்டர் பனி' என்ற கூற்றுக்குத் தனியாகப் பொருளில்லை. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம்: மழைநாளில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று அம்மா கணக்கப்பிள்ளையிடம் சண்டை போட்டதைக் கேட்டவர்கள், சாக்கின் பருமனும் எடையும் வேறு என்பதை அப்போதே கற்றுவிட்டார்கள். பனியாற்று ஆய்விலும் ஆழத்தை அளந்து, அடர்த்தியால் பெருக்கி, எத்தனை மீட்டர் நீருக்குச் சமம் என்றே எழுதுவார்கள்.

இரண்டாம் படி: உறைபனி ஏடு

இரண்டு சாதாரண வெப்பமானிகளும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும். ஒன்றை நிழலான இடத்தில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். மற்றொன்றைத் திறந்த வெளியில் புல்லைத் தொடும்படி கிடத்துங்கள். மார்கழி பிறந்ததும் தொடங்கி மாசி முடியும்வரை, சூரியன் தரையைத் தொடுவதற்கு முன், இரண்டையும் ஒரே நேரத்தில் படித்து எழுதுங்கள். வானத்தில் மேகம் இருந்ததா, காற்று அடித்ததா, உறைபனி படிந்திருந்ததா என்ற மூன்று குறிப்புகளும் வேண்டும். மறந்துபோன நாளை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ஏட்டில் வெற்றிடம் இருப்பது குற்றமில்லை, பொய்யான எண் இருப்பதுதான் குற்றம்.

முதல் வாரத்திலேயே உங்களை வியக்கவைக்கும் ஒன்று நடக்கும். மேலே கட்டிய வெப்பமானி 3 டிகிரி காட்டும் காலையில் புல்மேல் கிடப்பது பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கும். தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு இழக்கிறது. மேகம் இருந்தால் அது ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், இல்லாவிட்டால் இழப்பு இழப்புதான். குளிர்ந்த காற்று கனமானதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் மேட்டுக் காட்டைவிட ஓடையோரத்துச் செடிகள் முதலில் கருகுகின்றன. பனியாற்றின் மேற்பரப்பில் நடப்பதும் இதே வரவுசெலவுதான்: சூரியனிலிருந்து வரும் ஒளி, அதில் திருப்பி அனுப்பப்படும் பங்கு, வானத்திலிருந்தும் பனியிலிருந்தும் வரும் போகும் அகச்சிவப்புக் கதிர், காற்று கொண்டுவரும் வெப்பம், ஆவியாதலிலும் படிதலிலும் ஏறி இறங்கும் வெப்பம். இவை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தபின் மிஞ்சுவதே உருகலுக்குச் செல்கிறது.

அந்த மிச்சம் எவ்வளவு வேலை செய்யும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பூச்சிய டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனிக்கட்டியை அதே பூச்சிய டிகிரி நீராக்க 334 கிலோஜூல் வேண்டும். அந்த வெப்பத்தை ஒரு கிலோ தண்ணீருக்குக் கொடுத்தால் அது பூச்சியத்திலிருந்து 80 டிகிரி வரை ஏறும், கிட்டத்தட்டக் கட்டஞ்சாயா போடும் சூடு. பனி உருகாமல் தாக்குப்பிடிப்பது இந்த உள்ளுறை வெப்பத்தின் தயவால்தான்.

உயரத்தின் கணக்கும் உங்கள் வழியிலேயே இருக்கிறது. போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பேருந்தில் ஏறும்போது சன்னலோரம் ஒரு வெப்பமானியை நிழலில் பிடித்துக்கொண்டு வாருங்கள். சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். இதைத் திருப்பிப் போட்டால், காற்று ஒரு டிகிரி சூடாகும்போது பூச்சிய டிகிரிக் கோடு மலையில் சுமார் 150 மீட்டர் மேலேறும் என்று வருகிறது. ஆனைமுடி 2,695 மீட்டர் உயரமிருந்தும் அதில் ஏன் வெண்பனி நிற்பதில்லை என்பதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது.

மூன்றாம் படி: ஐஸ் கட்டியும் தேயிலைத்தூளும்

மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, ஒரே அளவுள்ள மூன்று கட்டிகளாக உடைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வெறுமையாக விடுங்கள். இன்னொன்றின் மேல் தேயிலைத்தூளை மெல்லிய படலமாகத் தூவுங்கள். மூன்றாவதை மரத்தூளால் நான்கு விரற்கடை கனத்துக்கு மூடுங்கள். வெயிலில் வைத்து, கால் மணிக்கொரு முறை வடியும் நீரை அளவுக்குவளையில் பிடித்து எழுதுங்கள். நான் முதன்முறை இதைச் செய்தபோது கட்டிகளைச் சிமெண்ட் திண்ணையில் நேரடியாக வைத்துவிட்டேன். திண்ணையின் சூடு அடியிலிருந்து ஏறியதில் மூன்றும் ஒன்றுபோல் உருகிப்போயின. கீழே தெர்மோகோல் பலகை வையுங்கள்.

பொடி தூவிய கட்டி மற்ற இரண்டையும் முந்திக்கொண்டு கரையும். புதிய வெண்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். வெறும் பனிக்கட்டி 30 முதல் 40 விழுக்காடுதான் அனுப்பும். இந்தப் பங்கை எதிரொளித்திறன் என்கிறார்கள். 85 விழுக்காடு அனுப்பும் பரப்பு 15 பங்கை வாங்குகிறது, 35 அனுப்பும் பரப்பு 65 பங்கை வாங்குகிறது. அதாவது மேலே கிடந்த புதுப்பனி போய்விட்டால் அதே வெயில் நான்கு மடங்குக்கும் அதிகமான வெப்பத்தைப் பனியாற்றுக்குக் கொடுக்கிறது. புகைக்கரியும் தூசியும் செய்வது தேயிலைத்தூளின் வேலைதான். மரத்தூளால் மூடிய கட்டியோ மெல்லவே உருகும். பழைய ஐஸ் வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த தந்திரம் அது. இமயத்தில் கல்லும் மண்ணும் மூடிய பனியாறுகள் ஏராளம். அந்தப் படலம் ஓரிரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் உருகல் கூடுகிறது, கனமாக இருந்தால் குறைகிறது. ஒரே பள்ளத்தாக்கில் அடுத்தடுத்துள்ள இரு பனியாறுகள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நான்காம் படி: பனியாற்றின் வரவுசெலவு

இமாசலத்தின் லாகௌல்-ஸ்பிதியில், சந்திரா ஆற்றுப் படுகையில், சோட்டா ஷிக்ரி என்ற பனியாறு 2002 முதல் ஆண்டுதோறும் அளக்கப்பட்டு வருகிறது. அளக்கும் முறையைக் கேட்டால் ஏமாற்றம் அடைவீர்கள்: மூங்கில் கழிகள். பனிக்கட்டியில் பல மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, மூங்கிலை இறக்கி, ஆண்டு முடிவில் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்க்கிறார்கள். மேற்பகுதியில் குழி தோண்டி அந்த ஆண்டின் பனி எவ்வளவு ஆழம், என்ன அடர்த்தி என்று நிறுக்கிறார்கள். உலகிலேயே மிக நீண்ட காலம் இப்படி இடைவிடாமல் அளக்கப்படும் ஸ்வீடனின் ஸ்டோர்கிளாசியாரனில் 1940களின் நடுவிலிருந்து இதே வேலை நடக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கீழ்ப்பகுதியில் போன அக்டோபரில் 1.2 மீட்டர் வெளியே நின்ற கழி இந்த அக்டோபரில் 3.0 மீட்டர் நிற்கிறது. இழப்பு 1.8 மீட்டர் பனிக்கட்டி. அடர்த்தி 900 என்றால் 1.62 மீட்டர் நீர். மேற்பகுதியில் 2.0 மீட்டர் பனி சேர்ந்திருக்கிறது; அடர்த்தி 450, எனவே 0.9 மீட்டர் நீர். பரப்பில் மேற்பகுதி 60 விழுக்காடு, கீழ்ப்பகுதி 40 விழுக்காடு என்று கொள்வோம். ஆழத்தை மட்டும் பரப்பின் பங்கால் பெருக்கிக் கூட்டினால் 1.20 கழித்தல் 0.72, பனியாறு கிட்டத்தட்ட அரை மீட்டர் வளர்ந்ததாகத் தெரியும். நீரளவை அதேபோல் பெருக்கிக் கூட்டினால் 0.54 கழித்தல் 0.65, ஆண்டுக்குப் பதினோரு சென்டிமீட்டர் நட்டம். கணக்கப்பிள்ளையிடம் அம்மா போட்ட சண்டையின் அருமை இங்கே விளங்கும். மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் சந்திக்கும் இடத்தைச் சமநிலைக் கோடு என்பார்கள். ஆண்டுதோறும் அது மலையில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத்தான் காலநிலை ஆய்வாளர் முதலில் பார்ப்பார்.

நாளிதழ்கள் விரும்புவது பனியாற்றின் முகப்பு இத்தனை மீட்டர் பின்வாங்கியது என்ற செய்தியை. எனக்கு அந்த எண்மேல் அதிக மதிப்பில்லை. பனி மேலிருந்து கீழே நகர்ந்து வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆகலாம் என்பதால், முகப்பு இன்று காட்டுவது பழைய காலநிலையின் விளைவு. வரவுசெலவு ஏடோ இந்த ஆண்டின் நிலையைச் சொல்லும்.

பருவமழையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் மழை. ஜூனில் இடவப்பாதியாக வந்து நம் தகரக் கூரையைத் தட்டும் அதே தென்மேற்குப் பருவமழைதான் வடக்கே போய் நடு இமயத்திலும் கிழக்கு இமயத்திலும் மோதுகிறது. அங்குள்ள பல பனியாறுகளுக்குக் கோடையே வரவுக் காலமும் செலவுக் காலமும். மேற்கே காரகோரத்தில் நிலைமை வேறு; குளிர்காலத்தில் நடுநிலக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்னும் காற்றழுத்தத் தாழ்வுகள் பெரும்பங்கு பனியைக் கொண்டுவருகின்றன. சோட்டா ஷிக்ரி இரண்டிலும் பங்கு பெறும் எல்லைப் பகுதியில் இருக்கிறது. கோடையில் வரவு பெறும் பனியாற்றுக்கு ஒரு டிகிரி வெப்பம் கூடினால் அடி இரண்டு பக்கமும் விழும். வெண்பனியாக விழ வேண்டியது மழையாக விழுவதால் வரவு குறைகிறது. அது மட்டுமல்லாமல், உச்சி வெயில் காலத்தில் பழைய அழுக்குப் பனியை மூடிப் பளிச்சென்று ஆக்கியிருக்க வேண்டிய புதுப்பனி இல்லாததால் செலவும் கூடுகிறது. மூன்றாம் படியின் தேயிலைத்தூள் கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

உலக அளவில், கிரீன்லாந்து, அண்டார்டிகா என்னும் இரு பெரும் பனிவிரிப்புகளை விட்டுவிட்டு, 2000 முதல் 2019 வரை பனியாறுகள் ஆண்டுக்குச் சராசரியாக 267 கிகாடன் இழந்ததாக 2021இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஒரு கிகாடன் என்பது ஒரு கன கிலோமீட்டர் தண்ணீர். ஏறக்குறைய 362 கிகாடன் கடலில் சேர்ந்தால் மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயரும்; நீங்களே வகுத்துக்கொள்ளலாம். பெரியாற்றிலும் காவிரியிலும் பனியாற்று நீர் ஒரு சொட்டும் இல்லை என்றாலும் கொச்சிக்கு அருகிலுள்ள செல்லானத்துக் கடலோரம்வரை இந்தக் கணக்கு வருகிறது.

ஐந்தாம் படி: செயற்கைக்கோள் படம்

இதற்கு ஒரு கணினியும் ஓரளவு இணையமும் வேண்டும். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, 2008 முதல் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015 முதல் கிடைக்கின்றன. 10 மீட்டர் துல்லியம். க்யூஜிஸ் என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் திறக்கலாம். பச்சை அலைவரிசையில் வெண்பனி பளிச்சென்றும், குற்றலை (குறுகிய அலைநீள) அகச்சிவப்பில் கருமையாகவும் தெரியும். மேகமோ இரண்டிலும் வெளுப்பாகவே இருக்கும். பச்சையிலிருந்து குற்றலையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது பனிக் குறியீடு, 0.4க்கு மேல் இருந்தால் பனி என்று கொள்வது வழக்கம். ஏரி நீரும் இந்தச் சல்லடையில் பனியாகத் தப்பி வரும் என்பதால் அண்மை அகச்சிவப்பையும் சேர்த்துப் பாருங்கள். பனியாற்றின் கல் மூடிய கீழ்முனையை, அதாவது நாக்குப் பகுதியை, இது பாறை என்றே காட்டும். அங்கே கையால்தான் எல்லை வரைய வேண்டும். வரைந்ததை 2023இல் வந்த ராண்டால்ஃப் பனியாற்றுப் பட்டியலின் ஏழாம் பதிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அதில் உலகின் ஏறத்தாழ 2,75,000 பனியாறுகளின் எல்லைகள் உள்ளன.

நான் முதலில் வரைந்த படத்தில் ஒரு பனியாறு பத்தாண்டில் நன்றாக வளர்ந்திருந்தது. மகிழ்ந்துபோய் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் தேதியை மட்டும் கேட்டார். பழைய படம் செப்டம்பர், புதியது மார்ச். நான் அளந்தது குளிர்காலத்துப் பருவப் பனியை. உருகல் பருவம் முடியும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்துப் படங்களில், மேகமும் புதுப்பனியும் இல்லாதவற்றை மட்டும் எடுங்கள். ஒப்பிடும் இரண்டு படங்களும் ஒரே பருவத்தவையாக இருக்கட்டும்.

ஆறாம் படி: செய்தியைச் சலித்தல்

காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி. 2007இல் வெளியிட்ட அறிக்கையில், இமயப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்ற வரி தக்க ஆதாரமின்றி இடம்பெற்று, 2010 ஜனவரியில் அந்த அமைப்பே வருத்தம் தெரிவித்தது. பனியாறுகள் மெலிவது உண்மை; காத்மாண்டுவில் உள்ள இசிமோட் என்ற மலைப்பகுதி ஆய்வு நிறுவனத்தின் 2023 அறிக்கை, இந்துகுஷ்-இமயத்தில் 2011 முதல் 2020 வரையான இழப்பு அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 விழுக்காடு வேகமானது என்கிறது. உண்மையைச் சொல்ல மிகையான எண் தேவைப்படவில்லை.

2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் வெள்ளம் வந்தபோது முதல் நாள் செய்திகள் பனியேரி, அதாவது பனியாற்று நீர் தேங்கிய ஏரி, உடைந்ததாகச் சொல்லின. செயற்கைக்கோள் படங்களை அடுக்கிப் பார்த்தவர்கள், ரொண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியுமாக ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பெயர்ந்து விழுந்ததைக் கண்டறிந்தார்கள். 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்தது உண்மையாகவே பனியேரி வெள்ளம். அது சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு போயிற்று. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், அடுத்த ஆபத்தை எங்கே தேடுவது என்பதே தவறிப்போகும். 2020 ஆகஸ்டில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடி நிலச்சரிவில் இரவோடிரவாக 70 பேரைப் பறிகொடுத்த நமக்கு, மலை எதனால் இறங்கியது என்ற கேள்வி ஏட்டுக் கேள்வியாகத் தெரியாது.

ஏழாம் படி: படிப்பும் உடம்பும்

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் எடுங்கள். பட்டப்படிப்பு இயற்பியலாகவோ நிலவியலாகவோ புவியியலாகவோ சிவில் பொறியியலாகவோ இருக்கலாம். எதில் வந்தாலும் புள்ளியியலும் பைத்தான் நிரல்மொழியும் தனியாகக் கற்றே ஆக வேண்டும். கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் நமக்கு அருகில் உள்ளது. பனியாற்றையே முதன்மையாக எடுத்துக்கொள்வோருக்கு தேராதூனின் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனம், தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி. ரூர்க்கி, ஐ.ஐ.டி. இந்தூர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் திவேச்சா மையம் ஆகியவை இருக்கின்றன. கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் அண்டார்டிகாவின் மைத்ரி, பாரதி நிலையங்களோடு, 2016 முதல் ஸ்பிதியில் ஹிமான்ஷ் நிலையத்தையும் நடத்துகிறது. முதுகலைக்கு ஜாம் தேர்வும், ஆய்வு உதவித்தொகைக்கு நெட் தேர்வும் வழக்கமான வாசல்கள்.

மலையேற்றப் பயிற்சி இப்போதுதான். உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனத்திலும் மணாலியிலும் அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரம் நடக்கிறது. 1,500 மீட்டரில் பிறந்தவர்கள் என்ற தெம்பில் நம் பிள்ளைகள் ஒரு தவறு செய்வார்கள்: சோட்டா ஷிக்ரியின் முகப்பே 4,000 மீட்டருக்கு மேல், அங்கே மூணாற்று நுரையீரல் பெரிதாக உதவாது. 3,000 மீட்டரைத் தாண்டியதும் இரவில் தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வெடுங்கள். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் மாத்திரையைத் தேடாமல் கீழே இறங்குங்கள். வெண்பனி மூடிய வெடிப்புகள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் கயிறு கட்டாமல், தனியாக, பனியாற்றில் கால் வைக்கவே கூடாது.

களக்குழுக்கள் பெரும்பாலும் மே, ஜூனிலும் செப்டம்பர், அக்டோபரிலும் கிளம்புகின்றன. அதற்குப் பல மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள். கடிதத்தில் ஆர்வத்தைப் பற்றி ஒரு வரி போதும். அதோடு உறைபனி ஏட்டின் இரண்டு பக்கங்களையும், வெறுமையாக விட்ட நாட்கள் உட்பட, அப்படியே படமெடுத்து இணையுங்கள்.